குடத்துக்குச் சேரும் செல்லோ

வில்லுப்பாட்டு மேடையில் சுருதியை மாற்றவே முடியாத ஒரு பொருள் உண்டு: குடம். வயலினுக்குத் தந்தியை முறுக்கும் பிருடை இருக்கிறது. உடுக்கையின் கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நாதம் ஏறும், விட்டால் இறங்கும். கதையைப் பாடும் புலவரின் குரல்கூட அரைக் கட்டை ஏறி இறங்கும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). சூளையிலிருந்து வெளியே வந்த மண்குடம் மட்டும் கடைசிவரை ஒரே குரலில்தான் பேசும்.

வயலினும், அதைவிடப் படிப்படியாகப் பெரிதாகித் தாழ்ந்து ஒலிக்கும் வயோலா, செல்லோ, டபுள் பாஸும் கொண்ட ஒரு சிறு சேம்பர் ஆர்கெஸ்ட்ராவையும் நம் திருநெல்வேலிச் சீமையின் வில்லுக்குழுவையும் ஒரே மேடையில் உட்காரவைக்க நினைப்பவர்கள் இந்தக் குடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மேற்கத்திய இசைத்தாளை முதலில் எழுதி முடித்துவிட்டு, அதில் எட்டு மாத்திரை இடைவெளி விட்டு, அங்கே வில்லுக்காரர்களைத் தட்டச் சொல்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கதை சொல்ல வந்த ஒரு குழுவைத் தாளக் கருவியாக மட்டும் சுருக்கிவிட்ட பிறகு அங்கே கலப்பதற்கு என்ன மிச்சம்? இரண்டு மணி நேரம் ஒரு கதையைத் தாங்கும் திறன் வில்லுக்குழுவுக்கு உண்டு. தந்திக்குழு அந்தக் கதைக்குள் நுழைய வேண்டும், குடத்தின் சுருதிக்கு இறங்கி வர வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

வயலின் இந்த மண்ணுக்கு அந்நியமும் அல்ல. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) சென்னைப் பக்கம் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கியவர்களில் முன்னோடி. அவர் பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டுகள் வாசித்த மேற்கத்திய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதிய முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-இல் காலமானதும் அதே எட்டயபுரத்தில்தான். இன்னொரு பக்கம், பாளையங்கோட்டைத் தேவாலயங்களில் நான்கு குரல் பிரித்துப் பாடும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அந்தப் பாடகர் குழுக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசைத்தாள் வாசிக்கத் தெரியும், மற்றவர் குரலைக் கேட்டுத் தன் குரலைச் சேர்க்கவும் தெரியும். உள்ளூரிலேயே தந்திக்குழு அமைக்க ஆள் தேடினால் முதலில் அங்கே தேடலாம்.

வெளிநாட்டிலும் இது புதுச் சிந்தனை அல்ல. 1918-இல், போர்க்கால நெருக்கடியில் பெரிய ஆர்கெஸ்ட்ராவை வைத்துக் கட்டுபடியாகாத நேரத்தில், ஸ்ட்ராவின்ஸ்கி ஏழே வாத்தியக்காரர்களோடு ‘சிப்பாயின் கதை’யை எழுதினார். வயலின், டபுள் பாஸ், கிளாரினெட், பஸூன், கார்னெட், டிராம்போன், தாளக் கருவிகள். கூடவே ஒரு கதைசொல்லி, நடிகர்கள், நர்த்தகி. வாசித்து, இசைத்து, ஆடிக் காட்ட வேண்டிய கதை அது. ஊர் ஊராகக் கொண்டுபோகலாம் என்று திட்டமிட்டார்கள். வில்லுக்குழுவின் அமைப்பும் ஏறக்குறைய இதுதானே! நியூயார்க்கின் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா 1972 முதல், கையசைத்து வழிநடத்தும் கண்டக்டர் இல்லாமலே வாசிக்கிறது. லண்டனின் அரோரா ஆர்கெஸ்ட்ரா 2014-இல் மொஸார்ட்டின் 40-ஆம் சிம்பொனியை முழுக்க மனப்பாடமாக வாசித்துக் காட்டியது. கண்டக்டர் வேண்டாம், தாளும் வேண்டாம் என்ற இந்த இரண்டு பழக்கமும் வில்லு மேடைக்கு அப்படியே பொருந்தும். ஏன் என்று கீழே வரும்.

இனி குடம். காருகுறிச்சி என்றால் பலருக்கு அருணாசலத்தின் நாகஸ்வரம் நினைவுக்கு வரும். மண்பாண்டத்துக்கும் அந்த ஊர் பேர்போனது. அங்கேயோ பக்கத்திலோ குடம் வாங்கப் போனால் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த குடம் கணீரென்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ‘தப்’பென்று அடங்கிவிடும். அடுத்து, வாயில் பத்தியால் அடித்துப் பாருங்கள். பாளையில் செய்த அந்தப் பத்தி குடத்தின் வாயை மூடித் திறக்கும்போது உள்ளே அடைபட்ட காற்றுதான் ‘கும்’மென்று ஒலிக்கிறது. அந்த ஒலியின் உயரத்தை முடிவு செய்வது குடத்தின் கொள்ளளவும் வாயின் அகலமும். பதினைந்து லிட்டர் பிடிக்கும், வாய் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான குடம் ஏறக்குறைய 140 ஹெர்ட்ஸ் பக்கம் பேசும். அதாவது ஒன்றரைக் கட்டை ஆதார சுருதிக்குப் பக்கத்தில். போனில் இருக்கும் டியூனர் செயலி இந்தக் குறுகிய ஒலியைச் சரியாகப் பிடிக்காது. அடியைப் பதிவுசெய்து, மெதுவாக ஓடவிட்டு, கூடவே முனகிப் பார்த்துக் கண்டுபிடிப்பதே நல்லது.

தண்ணீர் ஊற்றிச் சுருதி ஏற்றலாமே என்று யோசனை வரும். கணக்குப்படி ஏறும். அரைச் சுரம் ஏற்றக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைய வேண்டும். பதினைந்து லிட்டர் குடத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர். ஆனால் வில்லின் நடுப்பகுதி குடத்தின் கழுத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வில்லின் நாணை அடிக்கும் வீசுகோல் விழும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் அலையும், நாதமும் கூடவே அலையும். மண்ணும் நீரை உறிஞ்சி மந்தமாகும். ஆகவே குடத்தைத் திருத்த முயலாதீர்கள், தேர்ந்தெடுங்கள். ஒரே சுருதிக்கு மூன்று குடம் வாங்கி வையுங்கள். வண்டியில் ஒன்று உடையும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குடமும் புலவரின் குரலும் ஒத்துப்போன பிறகுதான் தந்திக்குழுவின் முறை. இரண்டு கட்டை என்றால் அதிர்ஷ்டம். ஸட்ஜமும் பஞ்சமமும் (ச, ப) மேற்கத்திய டி, ஏ சுரங்களில் விழும். வயலின், வயோலா, செல்லோ மூன்றிலும் அந்த இரண்டு தந்தியும் விரல் வைக்காமலே ஒலிக்கும். தம்பூரா போட்டதுபோல் மேடை முழுக்க அதிரும். ஒரு கட்டை என்றால் செல்லோவுக்கும் வயோலாவுக்கும் கீழ்த்தந்திகள் இரண்டும் பொருந்தும். வயலினுக்குப் பஞ்சமம் மட்டும் கிடைக்கும். தொல்லை ஒன்றரைக் கட்டையில்தான். எந்தத் திறந்த தந்தியும் உதவாது. எல்லாவற்றையும் விரல் வைத்து வாசித்தால் ஒலி வறண்டுபோகும். அதற்கு வழி: செல்லோவிலும் வயோலாவிலும் கீழ்த்தந்திகள் இரண்டை மட்டும் அரைச் சுரம் ஏற்றுங்கள். அரைச் சுரம் என்பது அதிர்வில் 6 சதவீதம், ஆனால் தந்தியின் இழுவையில் ஏறக்குறைய 12 சதவீதம். புதுத் தந்தி தாங்கும், பழையது அறுந்துபோகலாம். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஏற்றி, கால் மணிக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இழுவை கூடக் கூட, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் விரல்பலகைப் பக்கம் சாயும். பக்கவாட்டில் குனிந்து பார்த்து நிமிர்த்திவிடாவிட்டால் பாட்டு நடுவே படீரென்று விழும்.

புலவரை அரைக் கட்டை ஏற்றிப் பாடச் சொல்லாதீர்கள். அரங்கில் இரண்டு மணி நேரம் பாட, பேச, அழ, சிரிக்கப் போகிற தொண்டை அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று பல வில்லுக்குழுக்களில் ஆர்மோனியம் இருக்கிறது. பழைய ஆர்மோனியம் மேற்கத்தியச் சுருதி அளவான 440 ஹெர்ட்ஸ் கணக்குக்குச் சுத்தமாக நிற்காது. போனைப் பார்த்துச் சுருதி சேர்த்துவிட்டு வந்து உட்காரும் வயலின்காரர் ஆர்மோனியத்தோடு உரசுவார். சுருதி சேர்ப்பதை மேடையிலேயே, ஆர்மோனியத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? சின்ன மேடைக்கு ஐந்து: முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, பாஸ், ஒவ்வொன்று. பாளையங்கோட்டை நூற்றாண்டு மண்டபம் போன்ற அரங்குக்குப் பதினொன்று: மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. ஒரே வரியை இரண்டு வயலின் வாசிப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். இரண்டு பேருக்குள் இருக்கும் மயிரிழை வித்தியாசம் காதில் குத்தும். மூன்று பேர் சேர்ந்தால் அது கரைந்து ஒரே குரலாகும். வயோலா, செல்லோ இரண்டிரண்டு பேருக்கும் வேறு வேறு வரி கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. வில்லுப்பக்கம் புலவர், குடக்காரர், உடுக்கை, ஜால்ரா, தாளக்கட்டை, பின்பாட்டு என ஐந்திலிருந்து ஏழு பேர்.

மேடை அமைப்பில்தான் அதிகம் சறுக்குவார்கள். வில்லு பத்தடிக்குக் குறையாமல் கிடக்கும். இருபுறமும் ஆட்கள் உட்கார வேண்டும். அகலம் 24 அடி, ஆழம் 16 அடி இல்லாத மேடையில் இந்த முயற்சியே வேண்டாம். வில்லுக்காரர்கள் பாயில் சம்மணம் போட்டு உட்காருவார்கள், தந்திக்காரர்கள் நாற்காலியில். அப்படியே விட்டால் புலவரின் தலை செல்லோக்காரரின் மார்புக்கு நேரே இருக்கும். பார்வைக்கும் மரியாதைக்கும் அது சரியில்லை. வில்லுக்கு மட்டும் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மேடைப் பலகை போட்டு, தந்திக்குழுவைத் தரையில் அரைவட்டமாக வையுங்கள். அப்போது கண்கள் ஒரே மட்டத்தில் சந்திக்கும். செல்லோ, பாஸ் இரண்டின் கம்பிமுனையும் பாயிலோ ஜமுக்காளத்திலோ வழுக்கும்; ஒரு சாண் அகலப் பலகையில் சின்னக் குழி தோண்டி அதில் ஊன்றினால் நகராது. வில்லைத் தாண்டி யாரும் நடக்கக் கூடாது, செருப்புக் கால் வில்லு இருக்கும் மேடைப் பலகையில் படக் கூடாது. இதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ‘வில்’ என்ற சொல்லும் ஒத்திகையில் குழப்பும், வயலின் வாசிக்கும் கோலுக்கும் அதுதானே பெயர். வயலின்காரர்கள் தங்களுடையதைப் ‘போ’ என்று சொல்லிக்கொள்ளட்டும்.

இசை எழுதும் முறைக்கு வருவோம். ஒரு புலவர் ஒரு கதையை மூன்று முறை பாடினால் மூன்று விதமாக இருக்கும். மூன்றையும் பதிவுசெய்யுங்கள். மூன்றிலும் மாறாமல் நிற்கும் மெட்டுகள் எவை, கூட்டத்தைப் பார்த்து நீட்டிச் சுருக்கிய வசனங்கள் எவை என்று பிரியுங்கள். மாறாத மெட்டுக்கு மட்டும் இசைத்தாள் எழுதுங்கள். மாறும் இடங்களுக்கு நான்கு அல்லது எட்டு மாத்திரைக் கட்டங்களாக எழுதி, அடையாளம் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். அந்த அடையாளத்தைக் கொடுப்பவர் குடக்காரர். வில்லடியின் வேகம் மெல்லத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. காதில் வேகம் காட்டும் கிளிக் ஒலியை ஓடவிட்டு வாசிப்பது இங்கே உதவவே உதவாது. கண்டக்டர் நின்றாலும் புலவருக்கும் குடக்காரருக்கும் நடுவே அவர் ஒரு தடுப்புச் சுவர்தான். முதல் வயலின்காரர் குடக்காரரின் வலது தோளைப் பார்க்கும்படி உட்கார்ந்தால் போதும். கை இறங்குவதற்கு முன்பே தோள் சொல்லிவிடும்.

தந்திக்காரர்கள் கற்க வேண்டிய முக்கியமான சுரம் ‘ஆமா’. புலவர் ஒரு வரி வசனம் சொல்ல, பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். அந்த ‘ஆமா’வில்தான் கதை மூச்சு வாங்கி அடுத்த வரிக்குப் போகிறது. வசனத்தின்போது தந்தி மௌனம். ‘ஆமா’வில் செல்லோ ஒரே ஒரு ஸட்ஜத்தைப் பிடித்து மெல்ல விடலாம். அதற்கு மேல் போனால் சொல் அமுங்கும். ஒத்திகையின் முதல் இரண்டு நாள் வாத்தியத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, தந்திக்காரர்கள் பின்பாட்டோடு உட்கார்ந்து ‘ஆமா’ போட்டுப் பழகட்டும். இதைச் செய்த குழுவுக்கும் செய்யாத குழுவுக்கும் உள்ள வித்தியாசம் மேடையில் பளிச்சென்று தெரியும்.

ஒலி எல்லைகளையும் பார்த்து எழுத வேண்டும். வில்லின் மணிகள் குலுங்கும்போது வயலினின் மேல்ஸ்தாயி மறைந்துவிடும். வில்லடி ஓங்கும் இடத்தில் வயலினைக் கீழ்த்தந்திகளுக்கு இறக்குங்கள். உச்சத்தில் பாட வைக்க விரும்பினால் வீசுகோல் ஓய்ந்த இடத்தில் வையுங்கள். செல்லோவின் கீழ்ப்பகுதியும் குடமும் ஒரே எல்லையில் பேசுபவை. குடத்தின் அடி விழும் அதே நொடியில் செல்லோவும் அழுத்தினால் இரண்டும் சேர்ந்து கலங்கிவிடும். அடிக்கும் அடிக்கும் நடுவில் விரலால் மீட்டுங்கள், அல்லது நீண்ட ஒலியாக அடியில் ஓடவிடுங்கள். ஊர்த் திடலில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியை நம்பாதீர்கள். கீழ் அதிர்வுகளை அது வெளியிடாது. செல்லோ பேருக்கு இருக்கும், கேட்காது. மைக் செட் அண்ணாச்சியிடம் பெட்டி ஒலிபெருக்கி வேண்டுமென்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். குடத்து மைக்குக்கும் செல்லோ மைக்குக்கும் குறைந்தது ஐந்தடி இடைவெளி வேண்டும்.

எந்தக் கதை? முத்துப்பட்டன் கதையைத்தான் முதலில் சொல்வேன். பாபநாசம் மலையும் சொரிமுத்து ஐயனார் கோவிலும் களமான கதை. பிராமணனான பட்டன், செருப்புத் தைக்கும் குலத்தில் வளர்ந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளைக் கண்டு காதலித்து, அவர்களுக்காகக் குலத்தை விட்டுச் செருப்புத் தைக்கிறான். ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மடிகிறான். சகோதரிகள் தீப்பாய்கிறார்கள். பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமான பட்டனுக்கு இன்றும் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள்.

சகோதரிகளின் பாட்டு காட்டுக்குள் பட்டன் காதில் விழும் இடத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இரண்டு வயலின்காரர்களை மேடையில் உட்கார வைக்காதீர்கள். ஒருவர் அரங்கின் பின்வாசலில், மற்றவர் பக்கவாட்டு நடையில் நிற்கட்டும். பெண்களின் மெட்டை முதல் வயலின் தொடங்க, அரை வரி தள்ளி இரண்டாவது அதே மெட்டைப் பிடிக்கட்டும். மேற்கத்திய இசையில் இதைக் கேனன் என்பார்கள். மலையில் ஒரு குரலும் அதன் எதிரொலியும்போல் கேட்கும். புலவர் பாட்டை நிறுத்தி, தலையைத் திருப்பிக் காது கொடுக்க வேண்டும். குடம் சும்மா இருக்க வேண்டும். மேடையில் கேட்கிற ஒரே ஒலி, வில்லின் நாண்மேல் வீசுகோலை வைத்து உருட்டும்போது மணிகள் தரும் சன்னமான சலசலப்பு. தாமிரவருணி ஓடும் ஒலிக்கு அதுபோதும். இந்த இடத்தில் வயலின்காரர் தாளைப் பார்க்க முடியாது, இருட்டு. தாளும் வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். தோல்பாவைத் திரையைப் பின்னணியில் வைப்பதானாலும் இதே விதி. தாள் தாங்கியில் மாட்டும் சின்ன விளக்கின் வெளிச்சம் திரையில் பட்டாலே பாவையின் நிழல் வெளுத்துவிடும்.

செருப்புத் தைக்கும் இடத்தில் வயோலாக்காரர் போவின் மரப்பக்கத்தால் தந்தியைத் தட்டலாம். மரம் தந்தியில் விழும் சத்தம் தோலில் ஊசி இறங்குவது போலவே இருக்கும். விலையுயர்ந்த போவை இதற்குக் கொண்டுவராதீர்கள், வார்னிஷ் போய்விடும். கார்பன் போ போதும். சண்டையில் கணியான் கூத்தில் முழங்கும் மகுடம் என்ற தோல்கருவிகள் நுழையலாம். உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடமும் முழங்கும்போது தந்திக்குழு போட்டி போடக் கூடாது, ஓய வேண்டும். மகுடம் சட்டென்று நின்றதும் வரும் வெறுமையில்தான் பாஸின் ஒற்றை நாதத்துக்கு உயிர் இருக்கிறது. தோலைக் காய்ச்ச நெருப்பு வேண்டும். அரங்குக்குள் அனுமதி இராது. பின்புறத்தில் ஒரு சட்டி நெருப்பும் ஒரு வாளி மணலும் ஏற்பாடு செய்யுங்கள். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் மாதங்களில் வைத்தால் இது இரட்டிப்பு முக்கியம். அந்த ஈரத்தில் தோல் தொய்யும், போவின் குதிரைமுடி நீளும், வயலின் பிருடை இறுகித் திரும்ப மறுக்கும். சித்திரை வெயிலில் நேர்மாறாகப் பிருடை நழுவும், போவில் தேய்க்கும் ரோசின் பிசுபிசுக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். இந்தக் கலவையைக் கோவில் கொடைத் திருவிழாவுக்குள் கொண்டுபோகாதீர்கள். கொடையில் வில்லு சாமிக்கு. கதை வளர்ந்து சாமி வரும் இடத்தில் குடமும் உடுக்கையும் எவ்வளவு நேரம் முழங்கும் என்பது ஆடுபவரின் கையில் இருக்கிறது, அங்கே எழுதிய இசைக்கு வேலை இல்லை. அரங்கும் திடலும் வேறு. வில்லை அரங்குக்கும் வானொலிக்கும் கொண்டுபோன மரபு நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் எடுத்தாண்டார். சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்து, 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, அடுத்த ஆண்டு மறைந்த சுப்பு ஆறுமுகம் அதை வாழ்நாள் வேலையாகச் செய்தார்.

அரங்கிலும் வில்லின் வரிசை குலையக் கூடாது. காப்பு (தொடக்க வழிபாடு), வருபொருள் உரைத்தல், குருவடி (குரு வணக்கம்), அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி (முடிவு வாழ்த்து). காப்பில் தந்தி வேண்டாம், வில்லு தனியாகத் தொடங்கட்டும். நாட்டு வளத்தில் முதல்முறையாக எல்லாத் தந்திகளும் சேர்ந்து திறக்கட்டும். ஊதியத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயலின்காரருக்கு ஒரு தொகை, குடக்காரருக்கு அதில் பாதி என்று கொடுத்துவிட்டுக் கலப்பு என்று பேசுவதில் நியாயம் இல்லை. ஒரே மேடை, ஒரே நேரம், ஒரே தொகை. ஒத்திகை நாட்களுக்கும் சேர்த்துத்தான். பத்து ஒத்திகை என்றால் வில்லுக்காரருக்கு அது பத்து நாள் வேலை இழப்பு.

வாழி பாடும்போது தந்திகள் ஒவ்வொன்றாக விலகட்டும். முதலில் வயலின்கள், பிறகு வயோலா, கடைசியில் செல்லோவின் ஸட்ஜம். அதுவும் ஓய்ந்த பின் குடம் மூன்று அடி அடித்து நிற்கும். கூட்டம் கலைந்ததும், ஒன்றரைக் கட்டைக்காக ஏற்றிய தந்திகளை மறக்காமல் அரைச் சுரம் இறக்கிவிட்டுப் பெட்டியை மூடுங்கள். இறக்காமல் இரவு முழுக்க வண்டியில் கிடந்தால் காலையில் பிரிட்ஜ் வளைந்திருக்கும். குடங்களை வைக்கோல் புரிமணையோடு சேர்த்துக் கட்டி, வாய் மேல்நோக்கி, கடைசியாக ஏற்றுங்கள்.